துருவேறிய கருவிகளைத் துலக்கும் முறை

அறுவடைக்கு ஆள் கிடைத்த நாளில் அரிவாள் மழுங்கிக் கிடந்தால், நட்டம் அரிவாளோடு நிற்பதில்லை. நாம் கிராமங்களைச் சுற்றிவருங்கால், இறவாணத்தில் செருகிய அரிவாளும் தொழுவத்து மூலையில் சாய்த்த மண்வெட்டியும் செம்பழுப்பேறிக் கிடப்பதைப் பல இடங்களிற் காண்கிறோம். அவற்றுட் பெரும்பாலானவை பழைய இரும்புக் கடைக்குச் செல்ல வேண்டியவை அல்ல.

இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவோடும் ஈரத்தோடும் கூடித் துருவாகிறது. துரு நுண்துளைகள் நிறைந்தது; ஆதலின் அடியிலுள்ள இரும்பை அது காப்பதில்லை. ஈரத்தைத் தேக்கி மேலும் அரிக்கவே செய்கிறது. உப்பு இவ்வரிப்பை விரைவுபடுத்தும். பொட்டாஷ் முதலிய உர மூட்டைகளின் அருகே கருவிகளை வைத்தல் தகாது என்பது இதனாற்றான்.

துருவைக் கரைக்கவல்லது புளிப்பு. புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலமும், எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும், வினிகரின் அசிட்டிக் அமிலமும் இவ்வேலையைச் செய்யும். பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கும் நம் தாய்மார்கள் இதனை நெடுங்காலமாக அறிவர். ஆடவர்தாம் அதைத் தொழுவம்வரை கொண்டுவந்தாரில்லை!

கழற்றக்கூடிய பிடியாயின் முதலிற் கழற்றிவிட வேண்டும். மண்ணைக் கழுவி, செதிலாய் எழும்பிய துருவைச் செங்கல் துண்டால் தேய்த்து உதிர்க்க. கருக்கரிவாளாயின் பற்களின்மேல் செங்கல் படலாகாது. பின்னர்ப் புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி, ஈரத்துணியாற் சுற்றி ஓர் இரவு வைத்து, காலையில் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்க்கத் துரு கரைந்து வரும். எஞ்சியிருப்பின் மறுமுறை பூசலாம். ஆனால் நாட்கணக்கில் ஊறவிடலாகாது; துரு தீர்ந்தபின் அமிலம் இரும்பையே தின்னத் தொடங்கும்.

இதன்பின் செய்வதே முக்கியமானது. வீட்டுப் புளியில் பெரும்பாலும் உப்புக் கலந்திருக்கும். ஆகவே நீர் விட்டு நன்கு அலசி, சிறிது சோடா உப்புக் கரைத்த நீரால் மீண்டும் கழுவி, உடனே துடைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்ட இரும்பு சில மணி நேரத்திலேயே மீண்டும் சிவக்கும். உலர்ந்ததும் விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ மெல்லிதாகத் தடவிவிடுக. ஆயுத பூசைக்கு ஒரு நாள் பொட்டிடும் கருவிக்கு மற்ற நாட்களில் ஒரு துளி எண்ணெயேனும் வேண்டாவா?

துருவை எரித்துவிடலாம் என்று சிலர் கருவியை அடுப்பிலிடுவர். கொல்லர் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம் அதனாற் போய்விடும். அப்புறம் எத்தனை தீட்டினும் கூர் நில்லாது. துத்தநாகம் பூசிய வாளிகளையும் புளிப்பில் இடலாகாது, பூச்சுக் கரைந்துபோம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தம் பண்டக அறையை ஒருமுறை பார்வையிட வேண்டுகிறோம். நீர்த்தொட்டிக்கு இடும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கடப்பாரை, மண்வெட்டிகளும் ஒரே அறையில் இருப்பின், இரும்பு விரைவில் அழியும். அப்பவுடரோடு வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். துரு நீக்கும் வேலையை அங்கே செய்யவே கூடாது.

துருப்பிடித்த இரும்பு கீறினால்தான் இசிவு நோய் வரும் என்ற எண்ணம் பரவியுள்ளது. அந்நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. ஆகவே பளபளக்கும் அரிவாள் வெட்டினாலும் காயத்தைச் சோப்பிட்டுக் கழுவி, தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற் காட்டித் தடுப்பூசி பற்றிக் கேட்டறிக.