நின்ற வண்டிகள் – 6: சாவியைத் திருப்புவதற்கு முன்

1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, 1988 முதல் ஆம்னி என்று அழைக்கப்பட்டு, 2019-இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் கடைச் சரக்கையும் சுமந்த அந்தச் சிறு வேன், இன்று பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. அதன் அடித்தகரத்தை அரிக்கும் துருவைச் சென்ற பகுதி விவரித்தது; எஞ்சினை உயிர்ப்பிக்கும் முறையை இப்பகுதி எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் நின்றதால் நேர்ந்த கேட்டில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம். ஆனால் புதுப் பேட்டரி மாட்டிய கையோடு செல்ஃப் அடித்துப் பார்க்கும் அவசரம், அத்தனை ஆண்டுகளும் நேராத சேதத்தை ஒரே நிமிடத்தில் விளைவித்துவிடும்.

மாருதி 800 காரில் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின், ஆம்னியில் முன் இருக்கைகளுக்கு அடியில் அமைந்திருக்கிறது. வண்டி நிற்க நிற்க, சிலிண்டர்ச் சுவரில் படிந்திருந்த ஆயில் மெல்ல வடிந்து அடியிலுள்ள சம்ப் என்னும் ஆயில் தொட்டிக்கு இறங்கிவிட, காற்றின் ஈரம் அச்சுவரில் மெல்லிய துருவைப் படியவைத்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் என்னும் உலோக வளையங்களை அங்கேயே பிடித்து நிறுத்துகிறது. இந்நிலையில் செல்ஃப் மோட்டாரின் விசை பாய்ந்தால் ரிங் உடையவோ சுவரில் கீறல் விழவோ கூடும். ஆகவே மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிதளவு ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்த பின், கிராங்க் புல்லியின் நடுப் போல்ட்டில் ஸ்பானரைப் பொருத்திக் கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமில்லாமல் முழுச் சுற்றுகள் சுற்றிய எஞ்சினுக்கே புது ஆயிலும் பேட்டரியும் தகும். அப்போதும் பிளக்குகளை மாட்டாமல், இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றிவைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டுச் செல்ஃப் அடித்தால், தீப்பொறி பிறப்பதற்கு முன்பே பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிடும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்களே மிகுதி; எஞ்சினின் எஞ்சிய ஆயுளைத் தீர்மானிப்பதும் இதுவே.

பெட்ரோலின் சிக்கல் வேறு வகையானது. எளிதில் ஆவியாகும் கூறுகள் முதலில் பறந்துவிட, மிஞ்சியவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, புளித்த வாடை வீசும் பழுப்பு நிறப் பிசினாக மாறுகின்றன. பழைய ஆம்னியின் கார்புரேட்டரில், பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும் மிதவை அறையிலும், அதை அளந்து விடும் ஜெட் என்னும் நுண்துளைகளிலும் இப்பிசின் படிகிறது. சோக் இழுத்தால் ஓடுவதும், சோக்கை உள்ளே தள்ளியதும் அணைவதும் ஜெட் அடைத்திருப்பதைக் காட்டும் தெளிவான அறிகுறிகள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்துவைத்திருக்கும். அளவு மிஞ்சியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்குவதால், எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடிநீரும் அதோடு கலந்த துருவுமே. பழைய டேங்கை நம்பாமல், தனி டப்பாவில் வைத்த புதுப் பெட்ரோலைக் கொண்டே முதல் ஓட்டத்தைப் பார்ப்பது நல்லது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்ட இக்காலத்தில், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களை மாற்றுவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சூடான எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருக்கும் வண்டியில் பெட்ரோல் கசிவது, உட்கார்ந்திருப்பவரின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது.

டைமிங் பெல்ட்டை அதன் தோற்றம் எப்படியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி கூடு கட்டியிருக்கிறதா, வயர்களைக் கடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

எஞ்சின் சீராக ஓடுவது வண்டியைச் சாலைக்கு எடுக்கப் போதுமான தகுதி ஆகாது. கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆன பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 தரத்தில், புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டிய கொதிநிலைக்கு, ஈரம் ஏறிய நிலையில் வகுக்கப்பட்ட கீழ்வரம்பு 140 டிகிரி மட்டுமே. தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது அந்த ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றினால், பெடல் அழுந்தும், வண்டி நிற்காது. அதே ஈரம் பின்சக்கர வீல் சிலிண்டர்களில் துருவை உண்டாக்கி அவற்றின் பிஸ்டன்களையும் இறுக்கிவிடுகிறது. ஆகவே டிரம்களைக் கழற்றி, வீல் சிலிண்டர்களைப் பிரித்துப் பார்த்து, பிரேக் ஆயில் முழுவதையும் மாற்றிய பிறகே வண்டியை வாசலுக்கு வெளியே எடுக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதாலும், அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்டியே பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதாலும், அங்கே கொண்டுபோவதற்கு முன்பே இந்த வேலைகள் முடிந்திருக்க வேண்டும்.