இழுப்பது எளிது, நிறுத்துவதே கடினம்

கோடை விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் கிளம்பும் நம் பெங்களூர் அன்பர்கள் சிலருக்குப் புதிதாக ஓர் ஆசை. "பெரிய வண்டிதான் இருக்கிறதே, பின்னால் ஒரு கேரவனைக் கோத்துக்கொண்டால் என்ன? ஓட்டல் செலவும் மிச்சம், குழந்தைகளுக்கும் குதூகலம்" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

நல்ல ஆசைதான். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இது சர்வசாதாரணம். ஆனால் நம் ஊர்ப் பாதையை மனத்தில் வைத்து யோசிக்க வேண்டும்.

முதலில் வண்டி. பிடதியில் தயாராகி 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவுக்கு லாரியைப் போலத் தனிச் சேஸி உண்டு. 2022இல் அறிமுகமான ஹைகிராஸுக்கு அது கிடையாது. பெயர் ஒன்று, உடம்பு வேறு! ஆகவே கொக்கி மாட்டுமுன் கையேட்டைப் பாருங்கள். எத்தனை கிலோ இழுக்கலாம் என்று அதில் இல்லையென்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பாரம். மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தானே மூட்டை அடுக்குவார்கள்? இங்கும் அதே கணக்கு. 1000 கிலோ கேரவன் என்றால் சுமார் 100 கிலோவாவது கொக்கியில் இறங்க வேண்டும். பின்பாரமானால் வேகத்தில் கேரவன் வாலாட்டும். காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஆட்டம் கண்டால் ஸ்டியரிங்கைத் திருப்பாமல், காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஊருக்குப் போவதென்றாலே இறக்கம்தான்! தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் எத்தனையோ விபத்துகள். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகள் அதற்கு ஒரு காரணம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். 40 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆக்கினால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. அனுபவமுள்ள லாரி ஓட்டுநர்கள் சொல்வது போல, ஏறும் கியரிலேயே இறங்குங்கள். கேரவனுக்கென்று தனிப் பிரேக்கும் பாதுகாப்புச் சங்கிலியும் அவசியம். 27 கொண்டைஊசி வளைவுகள் உள்ள திம்பம் பாதைப் பக்கமே போகாதீர்கள். வளைவில் கேரவன் சக்கரம் உள்பக்கமாக வெட்டிச் செல்லும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும்; இன்சூரன்ஸையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அதற்குள் யாரையும் உட்கார வைக்காதீர்கள், தூங்கும் குழந்தையானாலும் சரி.

காலி மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பழகுங்கள். முதல் பயணம் மலைச்சரிவு இல்லாத மைசூர்ப் பக்கம் இருக்கட்டும். எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று பெருமை பேசுவதைவிட, பிரேக் எவ்வளவு தாங்கும் என்று கேட்பவரே குடும்பத்தைப் பத்திரமாக ஊர் சேர்ப்பார்.