வீட்டுக்குள் ஓர் ஒலிக்கூடம்

தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியர் இன்றும் பல ஊர்களில் வாழ்கின்றனர். அவர்கள் பாடும் மெட்டுகள் தாய்வழியாகச் செவியில் விழுந்தவை. அப்பாடல்களின் சொற்களை ஏட்டில் எழுதிவிடலாம். குரலின் இழுப்பையும் குழைவையும் அடிகளுக்கிடையே விழும் மூச்சையும் எழுத்தில் கொண்டுவர இயலாது. அவர்களை நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அழைத்துச் செல்வது எளிதன்று. சென்றாலும் கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து முன்பின் அறியாத ஒருவர் கைகாட்டியவுடன் பாட்டு வந்துவிடாது. பாடுவோர் வாழும் வீட்டிலேயே, குறைந்த செலவில் ஒலிக்கூடம் அமைக்கும் முறையை அறிந்துகொள்வதன் தேவை இங்குதான் எழுகிறது.

ஒலிப்பதிவு என்பது பெருமுதல் படைத்தோர்க்கே உரியது என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தது. கணினியின் வரவு அதனை மாற்றியது. ஏ.ஆர்.ரகுமான் 1989ஆம் ஆண்டு சென்னையில் தம் வீட்டின் பின்புறத்தில் ஓர் ஒலிக்கூடத்தை அமைத்தார். 1992இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் இசை அங்கு உருவானதே. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பில்லி ஐலிஷ் என்னும் இளம்பாடகியும் அவருடைய அண்ணன் ஃபினியஸும் தம் பெற்றோர் வீட்டின் சிறிய படுக்கையறையில் பெரும்பகுதியைப் பதிவுசெய்த இசைத்தொகுப்பு, 2020இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அறையின் அளவும் கருவியின் விலையும் மட்டுமே பதிவின் தரத்தை முடிவுசெய்வதில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

அறையும் ஒரு கருவியே

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் ஒலிவாங்கியைத்தான் முதலில் வாங்குகின்றனர். முதலில் கவனிக்க வேண்டியது அறை. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவு செல்லும். மூன்று மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் மோதித் திரும்ப அதற்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. இரண்டு ஒலிகளுக்கிடையே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி இருந்தால்தான் செவி அவற்றைத் தனித்தனியாக உணரும். ஆதலால் சிறிய அறையில் எதிரொலி தனியே கேட்பதில்லை. மூலக்குரலோடு கலந்து அதனைக் கலங்கலாக்குகிறது. சிமெண்டுச் சுவரும் வழவழப்பான தரையும் கொண்ட வெற்றறையில் ஒருமுறை கைதட்டிப் பார்த்தால், தட்டிய ஓசைக்குப் பின்னே ஒரு கணகணப்பு தொடர்வதைக் கேட்கலாம். விலையுயர்ந்த ஒலிவாங்கி அந்தக் கணகணப்பையும் துல்லியமாகவே பதிவுசெய்யும்!

இதற்கான மருந்து வீட்டிலேயே உண்டு. பஞ்சு மெத்தை, கம்பளி, தடித்த ஜமக்காளம், துணிகள் நிறைந்த திறந்த அலமாரி ஆகியவை நடுத்தர, உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை உறிஞ்சவல்லவை. தடிமன் கூடக் கூட உறிஞ்சும் திறனும் கூடும். அவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் பிழை செய்கின்றனர். பாடுவதற்குப் பயன்படும் ஒலிவாங்கிகளுள் பெரும்பாலானவை முன்புற ஒலியை மிகுதியாகவும் பின்புற ஒலியைக் குறைவாகவும் ஏற்கும். அவ்வொலிவாங்கி பார்த்திருப்பது பாடுபவரின் முகத்தையும் அவருக்குப் பின்னுள்ள சுவரையுமே. எனவே மெத்தையைப் பாடுபவரின் முதுகுப்புறத்தில் நிறுத்துவதே முதல் தேவை. இரு பக்கங்களையும் பிறகு மறைக்கலாம்.

முட்டை அட்டைகளைச் சுவர் முழுதும் ஒட்டும் வழக்கம் ஒன்று உண்டு. மெல்லிய தாளால் ஆன அவை மிக உயர்ந்த அதிர்வெண்களைச் சற்றே குறைக்கும். வேறு பயன் தருவதில்லை, எளிதில் தீப்பற்றும் இடரும் உண்டு.

உள்ளே எழும் ஒலியை உறிஞ்சுவது வேறு. வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுப்பது வேறு. தெருவின் இரைச்சலைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கின்றி மூடும் கதவும் வேண்டும். அது செலவு மிக்கது. ஆகவே, குறைந்த பொருளுடையோர் சுவருக்கு மாறாகக் காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஊர் அடங்கிய பின்னிரவு பதிவுக்கு ஏற்றது. மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் அந்நேரம் நிறுத்திவைக்க வேண்டும். கோடையில் இது கடினமே. இரண்டு பாடல்களுக்கு ஒருமுறை ஓய்வு தருவதன்றி வேறு வழியில்லை.

கருவிகள்

அறைக்குப் பின்னரே கருவி. ஒலிவாங்கிகளுள் இயங்குசுருள் வகை, மின்தேக்கி வகை என இரண்டு பரவலானவை. மின்தேக்கி ஒலிவாங்கி மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பற்றும். அது இயங்கப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். இயங்குசுருள் ஒலிவாங்கி உறுதியானது, பொதுவாக விலை குறைந்தது. வாயருகே வைத்துப் பாடுகையில் குரலே ஓங்கி நிற்பதால் அறையின் குறைகள் அமுங்கிவிடும். செப்பனிடப்படாத அறைக்கு இதுவே பொருத்தம்.

ஒலிவாங்கியின் மின்குறிப்பை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தரும் சிறு பெட்டியை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பர். ஒற்றைக் குரலுக்கு ஒன்று அல்லது இரண்டு உள்ளீடுகள் உடையது போதும். செவியை முழுதும் மூடும் ஹெட்ஃபோனும் தேவை. மென்பொருளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. ஆடாசிட்டி இலவசமாகவே கிடைக்கிறது.

பதிவின்போது

வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி நல்ல தொடக்கம். 'ப' போன்ற வல்லொலிகள் பிறக்கையில் வெளிப்படும் காற்று நேரே தாக்கினால் 'பொத்'தென்ற ஓசை பதிவாகும். பூவேலைக்குப் பயன்படும் மரவளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி இடையில் நிறுத்தினால் அது குறையும்.

இசைக்கருவிகளுக்கு இவ்வளவு பொருந்தாது. நாகசுரத்தின் ஒலி அணசிலிருந்து மட்டுமன்றி, திறந்திருக்கும் விரல்துளைகளிலிருந்தும் வெளிப்படுகிறது. அணசின் வாயிலேயே ஒலிவாங்கியை வைத்தால் ஒரு பகுதி ஒலி ஓங்கிப் பிற பகுதி மங்கும். சில அடிகள் விலகியிருந்தால்தான் அவை ஒன்றாகக் கலக்கும். பறைக்கும் விலகிய இடமே நன்று.

ஒலியளவைக் காட்டும் அளவியில் சுழியம் டெசிபெல் என்பது மேல்வரம்பு. அதனைத் தாண்டிய ஒலியின் முகடு வெட்டுண்டுவிடும். பின்னர் மீட்பது அரிது. ஒப்பாரி பாடுவோரின் குரல் மெல்லத் தொடங்கித் திடீரென உச்சத்தைத் தொடும். ஆதலால் உச்சத்தைப் பாடச்சொல்லிக் கேட்டு, அது சுழியத்திற்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு அளவை அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது. நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்னும் அமைப்பில் ஒற்றைத் தடப் பதிவு, நிமிடத்திற்கு ஏறத்தாழ எட்டரை மெகாபைட் இடத்தைக் கொள்ளும். இடம் மிச்சமாகும் என்று மூலப்பதிவை எம்பி3 ஆகச் சுருக்கக் கூடாது. சுருக்கத்தில் இழந்த ஒலி திரும்பாது.

பதிவு தொடங்கும் முன் எவரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் அமைதியை மட்டும் பதிந்துகொள்வது வழக்கம். அடியில் ஓடும் இரைச்சலை மென்பொருள் கண்டறிந்து குறைக்க அது உதவும். அதன்பின் பாடுபவர் தம் பெயர், ஊர், பாடலை யாரிடம் கற்றார் என்பவற்றைத் தம் குரலிலேயே சொல்லவேண்டும். பதிவை யாரெல்லாம் கேட்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். சாவுவீட்டில் மட்டும் பாடப்படுவதைப் பொதுவில் வெளியிட அவர் விரும்பாதிருக்கலாம். கோப்பின் பெயரிலும் அவர் பெயரும் நாளும் இடம்பெற வேண்டும். அதன் படிகள் இரண்டு வெவ்வேறு வட்டுகளில் இருக்க, இன்னொன்று வேறொரு வீட்டில் இருத்தல் நலம்.