அலையின் வீச்சும் ஒளி ஒலிகளின் செறிவும்

மழை குறைந்த கரிசற் பூமியாகிய சிவகாசியினின்றும் 1923-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். அதன் பின்னர் அவ்வூரிற் கிளைத்த வெடித்தொழிலும் வாணத்தொழிலும் இன்று விருதுநகர்ச் சீமை முழுதும் பரவியுள்ளன. வெடியொன்று வெடிக்குங்கால் ஒளியும் ஒலியும் ஒருங்கே பிறக்கின்றன. அவற்றின் வன்மையை அறிஞர் எங்ஙனம் அளக்கின்றனர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கண்மாய் நீரில் அலையெழுங்கால், நீர் தன் சமநிலையினின்று உயரும் அளவே வீச்சு எனப்படும். ஒலியலையில் காற்றின் அழுத்தமும், ஒளியலையில் மின்புலமும் அவ்வாறே ஏறியிறங்குகின்றன. ஒரு சதுர மீட்டர் பரப்பை ஒரு நொடியிற் கடந்து செல்லும் ஆற்றலே செறிவு. இச்செறிவு வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. அஃதாவது, வீச்சு இருமடங்காயின் செறிவு நான்கு மடங்காகும், மும்மடங்காயின் ஒன்பது மடங்காகும்.

இதன் காரணம் யாது? சுருள்வில் ஒன்றை இருமடங்கு தூரம் இழுப்பதாகக் கொள்வோம். தூரமும் இருமடங்கு, அதற்கு வேண்டும் விசையும் இருமடங்கு. ஆதலின் நாம் செலவிடும் ஆற்றல் நான்கு மடங்காகின்றது. அலையினது இயல்பும் இத்தகையதே.

வீச்சு மிகுவதால் நிறம் மாறுவதில்லை. மத்தாப்பிற் செந்நிறந் தருவது ஸ்டிரான்ஷியம் உப்பு. அந்நிறம் அலைநீளத்தால் அமைவது. வீச்சு மிகுந்தால் அச்செம்மை மேலும் பிரகாசிக்கும், அவ்வளவே.

ஒலிச்செறிவை டெசிபெல் என்னும் அளவாற் குறிப்பர். 10 டெசிபெல் ஏறினாற் செறிவு பத்து மடங்காகும். வீச்சு இருமடங்காயின் ஏறக்குறைய 6 டெசிபெல் ஏறும். 1999-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் வகுத்த விதிப்படி, வெடிக்குமிடத்தினின்று 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபெலுக்கு மேற்பட்ட ஒலியெழுப்பும் வெடிகளைச் செய்தலும் விற்றலும் வெடித்தலும் கூடா. மனிதன் செவிக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியினும் இவ்வெல்லையிலுள்ள ஒலியின் வீச்சு சுமார் 18 லட்சம் மடங்கு. செறிவோ சுமார் 3 லட்சம் கோடி மடங்கு!

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. செறிவு பத்து மடங்கானாலும், ஒலி ஏறத்தாழ இருமடங்கானதாகவே நமக்குத் தோன்றுகிறது. எனவே 125 டெசிபெலுக்கும் 131 டெசிபெலுக்கும் உள்ள வேற்றுமையை நாம் அற்பமென்று எண்ணிவிடுகிறோம். உட்செவி தாங்கும் ஆற்றலோ நான்கு மடங்காகிவிட்டது. அங்குள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இதற்குச் செலவில்லாத காப்பு தூரமே. தடையற்ற வெளியில் தூரம் இருமடங்காயின் வீச்சு பாதியாகும், செறிவு காற்பங்காகும். 4 மீட்டரில் 125 டெசிபெலாயிருந்த ஒலி, 8 மீட்டரில் 119 ஆகவும், 40 மீட்டரில் 105 ஆகவும் குறையும். ஒளியும் இக்கணக்கிற்கு உட்பட்டதே. வெடிக்கு மிக அருகில் எழும் அதிர்ச்சியலை இவ்வெளிய கணக்கில் அடங்காது. ஆதலின் அங்கே அபாயம் இன்னும் மிகுதி.

வெடியின் வன்மையை அளக்க நம் செவி தக்க துலாக்கோல் அன்று. ஆகவே பண்டிகை நாளிற் சிறுவரை அப்பால் நிறுத்துவோர், நான்கடி தள்ளி நிறுத்துவதோடு அமையாது, நாற்பதடி தள்ளி நிறுத்துவாராக. வர்க்கக் கணக்கு கற்ற மாணவர் இதனைத் தத்தம் இல்லத்தார்க்கு எடுத்துரைத்தல் கடன்.