டிரான்ஸ்ஃபார்மருக்குத் திசை தெரியாது

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாக இறக்குகிறது. அதில் ஒரு ஃபேஸும் நியூட்ரலுமாகச் சுமார் 230 வோல்ட் வீட்டுக்கு வருகிறது. இது பள்ளிப் பாடம். அதே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ்ப்பக்கத்தில் நாம் 230 வோல்ட்டைக் கொடுத்தால், மேல்பக்கத்தில் ஏறத்தாழ 10,000 வோல்ட் எழும். 1831இல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிக் கண்டறிந்த விதிதான். எந்தச் சுருள் கொடுக்கிறது, எது வாங்குகிறது என்பது இரும்புக்குப் பொருட்டே இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அதுபோன்ற நாட்களில் ஜெனரேட்டர் வீடு தேடி வரும். இரு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரால் அதைச் சுவர் சாக்கெட்டோடு இணைத்தால் வீடு முழுக்க விளக்கெரியும். மெயினை அணைக்காவிட்டால் அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருவுக்கும் போகும். பெரும்பாலும் தெருவின் மொத்தச் சுமையும் ஏறி, சின்ன ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். ஆனால் கம்பி அறுந்து, டிரான்ஸ்ஃபார்மரோடு நாலைந்து வீடுகள் மட்டும் மிஞ்சியிருந்தால் நிற்காது. கரண்ட் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் கையில் உயர் அழுத்த மின்சாரம் பாயும். அனுபவமுள்ள லைன்மேன் ஃபியூஸைப் பிடுங்கிய பின்னும், சோதித்து எர்த் செய்யாமல் கம்பியைத் தொடமாட்டார்.

மெயினை இறக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். இருட்டில், வீட்டில் வேறு யாராவது அதை ஏற்றிவிட்டால்? செருகாமல் கிடக்கும் பிளக்கின் வெற்று முனைகளிலும் கரண்ட் இருக்குமே! வீட்டை லைனோடு அல்லது ஜெனரேட்டரோடு மட்டும் இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் நம் ஞாபகத்தை நம்புவதில்லை. இரண்டு வாசலுக்கும் ஒரே கதவு வைத்ததுபோல, ஒன்றைத் திறந்தால் மற்றது மூடியே தீரும். மீட்டருக்கும் வீட்டு ஃபியூஸ் போர்டுக்கும் நடுவே உரிமம் பெற்ற ஒயர்மேன் அதைப் பொருத்த வேண்டும். ஃபேஸோடு நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும்.

அந்தச் சுவிட்ச் இல்லாத வீட்டில் ஜெனரேட்டர் ஓடும்போதே கரண்ட் திரும்பினால், இரண்டும் 50 ஹெர்ட்ஸ் என்றாலும் அலைகள் இணையாது. ஒன்றின் உச்சமான 325 வோல்ட்டும் மற்றதன் எதிர் உச்சமும் மோதினால் இடைவெளி 650. ஜெனரேட்டர் சுருள் புகைவதற்கு அது போதும்.

கூரை சோலார் இன்வெர்ட்டர்களும் செத்த லைனுக்குள் மின்சாரம் அனுப்பிவிடலாம் என்ற பயம் உண்டு. அதனால் லைன் செத்ததும் அவை தாமாகவே அணைந்துகொள்ளும். பேட்டரி இல்லாத சோலார் வீட்டில், நட்டநடு வெயிலில் கரண்ட் போனால் ஃபேன் நின்றுபோவது அதனால்தான்.