தங்கவயலில் வீடும் நிலமும்

கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளிக்கு வீடு வேலையுடன் வந்தது. வேலையுடனே போக வேண்டியதாகவும் இருந்தது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குப் பணியைத் தொடங்கிய பின், வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் முதலில் தட்டிக் குடிசைகளிலும், பின்னர் லைன் வீடுகளிலும் வாழ்ந்தன. 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. உடைமையாளர் மாறினாரேயன்றிக் குடியிருப்போருக்கு நிலத்தின்மீது உரிமை ஏற்படவில்லை.

2001 மார்ச் 1 முதல் சுரங்கம் மூடப்பட்டது. எனினும் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், உரிகம் பகுதிகளின் பல குடும்பங்கள் அங்கேயே தங்கின. அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் இரவில் திரும்புவதும் இந்த லைன்களுக்கே. வீட்டுரிமைக் கோரிக்கை இவ்வாறுதான் வலுப்பெற்றது.

ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டா வழங்குவது எளிய தீர்வாகத் தோன்றும். ஆனால் லைன் வீடு தனி வீடன்று. இருபுறச் சுவரும் அண்டை வீட்டாருக்கும் உரியது. ஒரே கூரை பல வீடுகளைக் காக்கிறது. குழாய், சாக்கடை, கழிப்பிடம், நடைபாதை ஆகியவை பொது. வீட்டுக்குள் இருப்பதற்கு மட்டும் பட்டா கொடுத்தால், பழுதடைந்த கூரையையும் அடைபட்ட சாக்கடையையும் யார் பார்ப்பது? நிறுவனம் இருந்தவரை அது அதன் கடமை. அதன் பின் எவர் கடமையும் அன்று. பட்டாவை அவசரத் தேவைக்கு விற்றுவிடும் அபாயமும் உண்டு.

வீடு குடும்பத்துக்கும் நிலம் சமுதாயத்துக்கும் உரியது என்ற ஏற்பாடு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1965இல் வகுக்கப்பட்ட சுலப கிராமதான முறையில் நில உரிமை கிராம சபையைச் சேரும். இருபதில் ஒரு பங்கு நிலமற்றோருக்குப் போகும். எஞ்சியதை முன்பு உழுதவரே உழுவார், அவர் வாரிசும் உழுவார். சபையின் இசைவின்றி வெளியாருக்கு விற்க இயலாது. அறிவிக்கப்பட்ட கிராமதானங்களுள் பல காகிதத்திலேயே நின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை. இவ்வியக்கத்தை அறிந்தோர் பங்கேற்க, 1969இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின உழவர்களுக்காக ஏறக்குறைய 5,700 ஏக்கரில் ஒரு சமுதாய நில அறக்கட்டளை நிறுவப்பட்டது. வறட்சியும் கடனும் சேர்ந்து 1985இல் அந்நிலத்தைப் பறித்தன. பொது நிலத்தை அடமானம் வைப்பதற்கு வரம்பு வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தங்கவயலில் சுரங்கத்தையே தொழிலாளர் கூட்டுறவு ஏற்று நடத்தலாம் என்ற கோரிக்கையும் எழுந்தது. உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரும் அரசின் முடிவை 2013இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சுரங்கம் யார் கைக்குப் போயினும், குடியிருப்பு நிலத்தைத் தனியே அளந்து பிரிப்பதே முதற்பணி. லைன்தோறும் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நிலத்தை அதன் பெயரில் வைத்து, உறுப்பினருக்கு வாரிசுரிமையுள்ள நீண்டகாலக் குத்தகை வழங்க இயலும். கூரைக்கும் சாக்கடைக்குமான மாதச் சந்தாவைச் சங்கமே வசூலிக்கும்.

பிரிக்கும்போது சயனைடு மேடுகளை அக்கணக்கில் சேர்த்தலாகாது. நூறாண்டுக்கும் மேலாகக் குவிந்த அக்கழிவு, காற்றடிக்கும் மாதங்களில் வீடுகளுக்குள் தூசியாகப் படிகிறது. அதனைப் பராமரிக்கும் செலவை, சுரங்கத்தால் வருவாய் பெற்றவர்களே ஏற்க வேண்டும்.