மண்டியில் மறைந்திருக்கும் எண்ணெய்

லெம்பா பெர்த்தாமில் தேயிலை உண்டு, காய்கறி உண்டு. செம்பனைக்கு மட்டும் அந்த மலைக்குளிர் ஒத்து வராது. ஆனாலும் அங்குள்ள தோட்ட வீடுகளில் வடை பொரியும் எண்ணெய், பெரும்பாலும் கீழே சமவெளி ஆலைகளில் பிழிந்ததுதான். அப்படிப் பிழியும்போது ஒரு பங்கு எண்ணெய் கழிவுநீரோடு போய்விடுகிறது. எவ்வளவு தெரியுமா?

100 டன் செம்பனைக் குலையில் ஏறக்குறைய 20 டன் எண்ணெய் கிடைக்கும். கூடவே 60 டன் அளவுக்குக் கழிவுநீர் வெளியேறும். அதில் எண்ணெய் 0.6, 0.7 விழுக்காடுதான். 'இவ்வளவுதானா?' என்று நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டால் 400 கிலோ வரும்!

குலையை நீராவியில் அவித்து, பழத்தைப் பிசைந்து பிழிந்த சாற்றில் எண்ணெயும் தண்ணீரும் நாரும் கலந்திருக்கும். அதில் சுடுநீர் விட்டு, 90 பாகை செல்சியஸ் சூட்டில் பெரிய தொட்டியில் நிற்க விடுவார்கள். ஆட்டிறைச்சிக் குழம்பை இறக்கி வைத்தால் எண்ணெய் மேலே வந்து நிற்கிறதல்லவா, அதே கதைதான். சூடு குறைந்தால் சாறு கெட்டியாகி, எண்ணெய்த் துளி மேலேற முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

அடியில் தங்கும் மண்டியிலும் எண்ணெய் இருக்கும். அதை வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் விட்டு, பாலிலிருந்து ஆடையைப் பிரிப்பது போல் பிரித்து, மறுபடியும் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பம்பை மிஞ்சிய வேகத்தில் ஓட்டினால் துளிகள் பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தாலும் எளிதில் பிரியாது.

கடைசி வாய்ப்பு, கழிவுக் குழி. அங்கே மிதப்பதை வழித்தெடுக்கிறார்கள். அதில் அமிலம் அதிகம் என்பதால் சமையலுக்கு அறவே ஆகாது. சவர்க்காரத்துக்கும் பயோடீசலுக்கும் போகும். ஐரோப்பா இதைக் கழிவிலிருந்து வந்த எரிபொருளாக ஏற்பதால், ஒரு காலத்தில் சீண்டுவாரற்றுக் கிடந்த சரக்குக்கு இப்போது கிராக்கி.

மீட்காமல் விட்டது குளங்களுக்குப் போகிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பிறகே ஆற்றில் விடலாம். ஆலைக் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் பிராணவாயு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வரை இருக்கும். மலேசியச் சட்டம் 1978இல் 5,000 என்று தொடங்கி, 1984இல் அதை 100 ஆக இறக்கியது. அந்த அளவை மீறிய நீர் ஆற்றில் கலந்தால், மீன்கள் மூச்சுக்குத் தவிக்கும்.